கட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் பொருள்: விரிதாள் வழியே மாதிரிகளைத் திருத்திய வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்போது நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. அரையாண்டுத் தேர்வின் புள்ளிகளை எக்செல் விரிதாளில் பதிந்து வைத்திருந்தேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமே என்று பெயர்களுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு நெடுவரிசையை வெறுமையாக விட்டிருந்தேன். அச்சிடுவதற்கு முன் பெயர்களை அகரவரிசையில் அடுக்க ஒரு பொத்தானை அழுத்தினேன். பெயர்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டன. வெற்று நெடுவரிசைக்கு அப்பால் இருந்த புள்ளிகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நானும் கவனிக்கவில்லை.

தேர்ச்சி அறிக்கை கொடுத்த மூன்றாம் நாள் ஒரு தாயார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், என் மக கணக்குல 47 எடுக்கிற பிள்ளை இல்லீங்க. ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். விடைத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 84 என்று என் கைப்படவே எழுதியிருந்தேன். அந்தச் சிறுமியை அழைத்துக் கேட்டபோது, தான் சரியாகப் படிக்கவில்லை போலும் என்று அவளே நம்பிவிட்டதாகச் சொன்னாள். அதைவிடக் கடினமான வேலை ஒன்று மீதமிருந்தது. அவளுடைய 84-ஐத் தன்னுடையது என்று வீட்டில் காட்டி மகிழ்ந்திருந்த இன்னொரு மாணவனிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு விரிதாளில் ஓர் எண்ணையும் ஒரு பிள்ளையையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது எது? இரண்டும் ஒரே வரியில் இருப்பது மட்டும்தானா? அன்று எழுந்த இந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோது, பாலம் கட்டும் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் நிறுவனக் கணக்காளர்களும் இதே சிக்கலோடு அறுபது ஆண்டுகளாகப் போராடி வந்திருப்பதை அறிந்தேன். அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாதிரி என்பது என்ன?

முதலில் ஒரு சிறு விளக்கம். கட்டடம், விமானம், பாலம், ஒரு நிறுவனத்தின் வரவுசெலவு ஆகியவற்றை உண்மையில் உருவாக்குவதற்கு முன் கணினிக்குள் உருவாக்கிப் பார்க்க உதவுவதே மாதிரியாக்க மென்பொருள். திரையில் நாம் காண்பது அழகிய முப்பரிமாணப் படமாக இருக்கலாம். அதன் அடியில் இருப்பவை எண்கள். இந்தத் தூண் எங்கே நிற்கிறது, அதன் உயரம் என்ன, எந்தப் பொருளால் ஆனது என்னும் விவரங்கள் ஆயிரக்கணக்கான வரிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்களைப் படத்தின் வழியாகவும் திருத்தலாம். அட்டவணையின் வழியாகவும் திருத்தலாம். ஒரு தூணை மாற்றப் படமே வசதி. ஐந்நூறு தூண்களை மாற்ற அட்டவணையே வசதி. விரிதாள் இத்துறைக்குள் நுழைந்த காரணம் இதுதான்.

அட்டையில் எழுதிய விமானம்

1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்கலங்களும் விமானங்களும் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடுவதற்காக நாஸ்ட்ரான் என்னும் மென்பொருளை உருவாக்கியது. அக்காலக் கணினிகளுக்கு விவரங்களைத் துளையிட்ட அட்டைகளின் வழியாகவே கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடமுண்டு. நாஸ்ட்ரான் அந்த 80 இடங்களையும் எட்டெட்டாகப் பிரித்து 10 பகுதிகளாக்கியது. முதற்பகுதியில் அட்டையின் வகை, அடுத்ததில் அப்புள்ளியின் அடையாள எண், பின்னர் அது அமைந்திருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று அளவுகள் என்ற முறையில் விவரங்கள் துளையிடப்பட்டன.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. பத்துப் பகுதிகள் கொண்ட ஓர் அட்டை, விரிதாளின் ஒரு கிடைவரிசையே அல்லவா! அட்டைகளை அடுக்கி வைத்தால் அது ஓர் அட்டவணை.

இம்முறையில் ஒரு சிறப்பு உண்டு. மாதிரியின் விவரங்களைத் தாங்கிய அட்டைகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் கணினிக்குள் செலுத்தலாம். நாஸ்ட்ரான் அவற்றைத் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். அட்டைக் கட்டு கைதவறிக் கீழே விழுந்து கலைந்தாலும், அந்தப் பகுதி அட்டைகளைப் பொறுத்தவரை கணக்குக் கெடாது. ஏனெனில் புள்ளியின் அடையாள எண்ணும் அதன் அளவுகளும் ஒரே அட்டையில் துளையிடப்பட்டிருந்தன. அட்டையைக் கிழித்தாலன்றி அவை பிரிய வழியில்லை. என் வகுப்பின் பெயர்களும் புள்ளிகளும் அட்டைகளில் இருந்திருந்தால், அன்று நான் அந்தத் தாயார் முன் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

அட்டை முறையின் குறை மெதுவான வேகம்தான். ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானால் புதிய அட்டை துளையிட வேண்டும். கட்டு முழுவதையும் மீண்டும் கணினிக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். மாற்றுவதும் விளைவைக் காண்பதும் இரு வேறு வேளைகளில் நிகழ்ந்தன.

கரும்பலகையில் பிறந்த தாள்

வேகம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் பயின்றுகொண்டிருந்தார். அங்கே பேராசிரியர்கள் நிறுவனக் கணக்குகளைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதிக் கற்பித்தனர். ஓர் எண் தவறென்று தெரிந்தால் அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து மீண்டும் எழுத வேண்டும். கரும்பலகை முன் நின்ற அனுபவம் உள்ள நமக்கு அந்தத் துன்பம் தெரியும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிவிடும் பலகை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று பிரிக்லின் எண்ணிப் பார்த்தார்.

அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரலை எழுதினார். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பெருங்கணினியில் இரவு வேளையில் கட்டணம் குறைவு என்பதால் இரவில் கண்விழித்து எழுதினார். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 63 நெடுவரிசைகள், 254 கிடைவரிசைகள் கொண்ட தாள் அது. 1983-இல் ஐபிஎம் தனிக்கணினிக்கு லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-இல் மெக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் எக்செல் வந்தது.

விசிகால்க் கொண்டுவந்த மாற்றம் பெரியது. எந்தக் கட்டத்திலும் எதையும் எழுதலாம். எழுதிய உடனே விளைவைக் காணலாம். நிரல் எழுதத் தெரியாத கணக்காளர் ஒருவர் தம் நிறுவனத்தின் மாதிரியைத் தாமே கட்டி, விலையை உயர்த்தினால் என்னவாகும், வாடகை குறைந்தால் என்னவாகும் என்று கேட்டுப் பார்க்க முடிந்தது. கணினித் துறையினரின் தயவில்லாமல் சாதாரண மனிதருக்குக் கிடைத்த முதல் மாதிரியாக்க மென்பொருள் விரிதாளே என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் அட்டை கட்டி வைத்திருந்ததை விரிதாள் அவிழ்த்துவிட்டது. விரிதாளில் ஒவ்வொரு கட்டமும் தனித்தது. ஒரு கிடைவரிசையில் இருக்கும் கட்டங்கள் அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது நம் மனத்தில் உள்ள எண்ணம். தாளுக்கு அது தெரியாது. அதன்பின் வந்த நாற்பது ஆண்டு வரலாற்றை, கட்டத்தின் சுதந்திரத்தை இழக்காமல் வரியை மீண்டும் கட்டும் முயற்சியாகவே நான் காண்கிறேன்.

தாள் வேறு, தரவு வேறு

முதல் முயற்சி வணிகத் துறையில் நடந்தது. 1980களின் முற்பகுதியில் மேனி பெரெஸ் என்பவர் டிஎம்1 என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதில் எண்கள் விரிதாளுக்குள் இருப்பதில்லை. அவை தனியான ஒரு தரவுக் களஞ்சியத்தில் இருக்கும். எந்தப் பொருள், எந்த மாதம், எந்தக் கிளை என்னும் பெயர்களைக் கொண்டே ஒவ்வோர் எண்ணும் அங்கே அடையாளம் காணப்படும். விரிதாள் அந்தக் களஞ்சியத்தைப் பார்க்கும் சாளரம் மட்டுமே. பயனர் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அது களஞ்சியத்துக்குச் சென்று பதிவாகும். அதே எண்ணைக் காட்டும் மற்றத் தாள்களிலும் புதிய மதிப்பே தோன்றும்.

1991-இல் நெக்ஸ்ட் கணினிக்காக லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட இம்ப்ரூவ் என்னும் விரிதாள் இன்னொரு வழியில் அதே முடிவை எட்டியது. தரவு, அதைக் காட்டும் முறை, கணக்கீட்டு விதி ஆகிய மூன்றையும் அது தனித்தனியே வைத்தது. சூத்திரங்களில் கட்டத்தின் முகவரிக்கு மாறாக "வரவு", "செலவு" போன்ற பெயர்கள் வந்தன. அறிஞர் பலர் பாராட்டியும் அது சந்தையில் நிலைக்கவில்லை. மக்கள் எக்செல்லின் கட்டுப்பாடற்ற கட்டங்களையே விரும்பினர். கட்டுப்பாடு எவ்வளவு நல்லதாயினும் பழக்கத்தை வெல்வது எளிதன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களா?

படமும் அட்டவணையும்

பொறியியல் துறையில் இவ்வெண்ணம் இன்னும் உறுதியாக வேரூன்றியது. 1995-இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ் என்னும் இயந்திர வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பு அட்டவணை என்னும் வசதி உண்டு. ஓர் ஆணியை ஒரு முறை வரைந்தால் போதும். பின்னர் அம்மென்பொருளுக்குள்ளேயே ஓர் எக்செல் தாளைத் திறந்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் அளவின் பெயரையும் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஓர் ஆணியின் பெயரையும் கொடுக்கலாம். நாற்பது வரிகள் எழுதினால் நாற்பது வகை ஆணிகள் உருவாகிவிடும்.

கட்டடக் கலைக்கு வந்தது ரெவிட். 2000-ஆம் ஆண்டு வெளியான இதனை 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. இதில் தரைப்படமும் பக்கத் தோற்றமும் கதவுகளின் அட்டவணையும் ஒரே மாதிரியின் வெவ்வேறு தோற்றங்கள். அட்டவணையில் ஒரு கதவின் விவரத்தைத் திருத்தினால் படத்திலும் அது மாறும். இதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. ரெவிட்டில் கதவின் அகலம் பெரும்பாலும் தனிக்கதவுக்கு உரியதன்று. அந்தக் கதவு வகைக்கே உரியது. ஆகவே ஒரு கதவின் வரியில் அகலத்தை மாற்றினால், அந்த வகைக் கதவுகள் எல்லாமே மாறும். அதனால் மென்பொருள் உடனே நின்று, இம்மாற்றம் அவ்வகையைச் சேர்ந்த அனைத்துக்கும் பொருந்தும், தொடரலாமா என்று கேட்கும். நான் அன்று பொத்தானை அழுத்திய வேளையில் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

மாதிரியின் விவரங்களை எக்செல்லுக்கு அனுப்பித் திருத்தி மீண்டும் கொண்டுவரும் துணைமென்பொருள்களும் பெருகின. அவற்றுள் நல்லவை ஒரு விதியைக் கடைப்பிடிக்கின்றன. மாதிரிக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் மென்பொருள் வழங்கிய அடையாள எண்ணையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தே அனுப்புகின்றன. எக்செல்லில் வரிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும், திரும்பி வரும்போது அந்த எண்ணைப் பார்த்தே உரிய பொருள் திருத்தப்படும். நாஸ்ட்ரான் அட்டையின் அடையாள எண் வேறோர் உருவில் திரும்பி வந்துவிட்டது!

கட்டமைப்புப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சாப்2000 போன்ற மென்பொருள்களிலும் மாதிரியின் விவரங்களை அட்டவணையாகத் திறந்து, எக்செல்லுக்கு அனுப்பித் திருத்தி, மீண்டும் மாதிரியில் ஏற்றலாம். ஏற்றும்போது பிழைகளும் எச்சரிக்கைகளும் பட்டியலிடப்படும். இத்தகைய மாதிரிகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. துபாயில் 2010-இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயர புர்ஜ் கலிஃபாவின் கட்டமைப்பு ஈடேப்ஸ் என்னும் மென்பொருளில் ஆராயப்பட்டது. அம்மாதிரியில் ஏறத்தாழ 75,000 கணுப்புள்ளிகள் இருந்தன. 2007-க்கு முந்திய எக்செல் தாளில் இருந்த கிடைவரிசைகளோ 65,536 மட்டுமே. புள்ளிக்கு ஒரு வரி என்று எழுதினாலும் அக்கட்டடம் ஒரு தாளில் அடங்காது.

தாள் கைவிட்ட இடங்கள்

65,536 என்னும் அதே எண் 2020-இல் இங்கிலாந்தில் பெருந்துன்பம் விளைவித்தது. கோவிட் பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்களிலிருந்து பெற்ற பொதுச் சுகாதார அமைப்பு, அவற்றைப் பழைய வகை எக்செல் கோப்புகளில் ஏற்றி அனுப்பியது. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டன. கோப்பு நிறைந்ததும் எஞ்சிய வரிகள் விடுபட்டுப்போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்குத் தம் பரிசோதனை முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாள் தாமதமானது. விடுபட்ட ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர்.

மரபணு ஆய்வாளர்களின் அனுபவம் வேறு வகையானது. சில மரபணுக்களுக்கு "மார்ச்1", "செப்ட்2" போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்னும் தேதிகளாகக் கருதி மாற்றிவிட்டது. அடையாளத்தைக் காக்க வேண்டிய நெடுவரிசையே சிதைந்தது. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதைக் கண்டனர். முடிவில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. இவ்வாறு தானே மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் எக்செல்லில் சேர்த்தது.

இரு நிகழ்வுகளிலும் ஈடுபட்டவர்கள் படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். தாளில் காண்பதே பொருள் என்று நம்பியதுதான் அவர்களுக்கு நேர்ந்த பிழை. எனக்கு நேர்ந்ததும் அதுவே.

மீண்டும் வகுப்பறைக்கு

அந்த ஆண்டுக்குப் பின் என் விரிதாள் மாறியது. வெற்று நெடுவரிசைகளை நீக்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதே எண்ணை விடைத்தாளின் தலைப்பிலும் எழுதச் சொன்னேன். அச்சிட்ட பின் எவையேனும் ஐந்து பெயர்களைத் தேர்ந்து, விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். பத்து நிமிட வேலைதான். புள்ளிகளை நேரடியாக இணையத் தளங்களில் பதியும் காலத்திலும் அவ்வழக்கத்தை நான் விடவில்லை. திரையின் பின்னால் இருக்கும் களஞ்சியம் எவ்வளவு சிறந்ததாயினும், அதில் எண்ணை ஏற்றுவது நம் விரல்தானே.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனை விளையாட்டாகவும் கற்பிக்கிறேன். ஒரு மாஜோங் தாளில் கட்டம் போட்டு, பத்துப் பழங்களின் பெயர், நிறம், விலை ஆகியவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி ஒட்டச் செய்வேன். பின் பெயர்ச் சீட்டுகளை மட்டும் அகரவரிசையில் மாற்றி ஒட்டச் சொல்வேன். டுரியானின் விலை வாழைக்குப் போய்ச் சேர்ந்ததும் வகுப்பே சிரிக்கும். அடுத்து, மூன்று விவரங்களையும் ஒரே அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வேன். இம்முறை எதுவும் மாறுவதில்லை. "ஏன்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தாமே விடை கண்டுபிடிப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்ச்சி அறிக்கையில் உள்ள எண் உங்கள் பிள்ளையோடு பொருந்தவில்லை என்று தோன்றினால், பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காத என் பிழையைக் கண்டுபிடித்தவர், தம் மகளை அறிந்திருந்த அந்தத் தாயார்தாம்.

அந்தச் சிறுமி இன்று வளர்ந்து வேலைக்குப் போகிறாள். அண்மையில் ஒரு திருமண வீட்டில் என்னைக் கண்டதும், "டீச்சர், அந்த 84 ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த 84 எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.